பேனாவுக்கு அனுமதி இல்லாத அறை

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. ஒரு கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தேன், அதிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அக்காவைக் கண் நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அங்கே நடைவழியின் கடைசியில் ஒரு சின்ன அறை. அச்சடித்த அறிவிப்புகளுக்கு நடுவில் கையால் எழுதிய ஒரு தாள் அதன் கதவில் இருந்தது: "உள்ளே பேனா கொண்டு வரக் கூடாது." செல்போனை அணைக்கச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தாலும் சரி. பேனா என்ன பாவம் செய்தது? எழுதிப் பிழைக்கிறவன், எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்த அறையில் சோதனை எடுக்கிற டெக்னீஷியனிடமே கேட்டுவிட்டேன். அடுத்த நோயாளி வரக் கொஞ்சம் நேரம் இருந்ததால் சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார். ஆக இதில் பாதி அவர் சொன்னது, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.*

* சொல்ல மறந்த இடங்களில் என்னைச் சந்தேகப்படுவது உங்கள் உரிமை.

2

முதல் வாக்கியத்துக்கே மூன்று நாள் போயிற்று.

[அந்த அறையின் இருட்டு, ஒரு—]

இருட்டைக் கண்டால் அதை எதோடாவது ஒப்பிட்டே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. அடித்துவிட்டேன்.

[மனிதன் பார்ப்பது கண்ணால் அல்ல என்று சொன்னால் நீங்கள்—]

இது கட்டுரை. ஆனால் இந்த விஷயம் கொஞ்சம் தெரியாமல் கதை நகராது. அதனால் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குப் பார்வையில் ஏதோ கோளாறு வரும். கண் டாக்டர் பார்த்துவிட்டு, "கண் அருமையா இருக்கு, நரம்பு டாக்டரைப் பாருங்க" என்பார். நரம்பு டாக்டர் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் கண்ணைக் காட்டிடுங்க" என்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாக உதைபடுகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே ஒரு மருத்துவம் இருக்கிறது. கண்ணிலிருந்து கிளம்புகிற நரம்பு தலையின் பின்பக்கம் போய்ச் சேருகிற வரைக்கும் வழியில் எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. பழுது கண்ணில் என்றால் அந்த ஒரு கண் மட்டும் கெடும். மூளையின் பின்பக்கம் என்றால் இரண்டு கண்ணுக்கும் ஒரே பக்கம் போய்விடும். இடது பக்கம் போனால் எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடது பக்கம் இருக்காது.

அப்படிப் போனது, போனவருக்கே தெரியாமல் இருக்கலாம். அங்கே கறுப்பாக எதுவும் இருக்காது. உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது எப்படித் தெரிகிறது? அது மாதிரி.

கட்டுரை முடிந்தது.

3

நேரில் பார்த்தபோது டெக்னீஷியன் எனக்கு "அவர்". கதைக்குள் வந்துவிட்டால் "அவள்" என்றுதான் எழுத வருகிறது. மரியாதைக் குறைவு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதால் வருகிற உரிமை.

அவள் அறையில் இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நடுவில் அந்த இயந்திரம்: நோயாளியைப் பார்த்துத் திறந்திருக்கிற ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். தாடையை அதற்கான இடத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் மேலே, கீழே, ஓரத்தில் என்று பொட்டு வெளிச்சங்கள் வந்து வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். மனிதர்களுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் வராது என்பாள் அவள்.

அவள் பக்கவாட்டில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். திரையின் ஒரு மூலையில் நோயாளியின் கண் பெரிதாகத் தெரியும். மீதி இடத்தில், இப்போது எந்த வெளிச்சம் விழுகிறது என்று காட்டிக்கொண்டிருக்கும். பதினோரு வருடமாக "நடுவுல பாருங்க, நடுவுல மட்டும் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் மகளுக்குத் தலை வாரும்போதும் "நடுவுல பாரு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். (மகள் என் கைச்சரக்கு.)

[அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதைப் பிறகு—]

பிறகு என்ன பிறகு? இப்போதே சொல்கிறேன். அவள் கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும், பின்பக்கம் அழுத்தினால் முனை வெளியே வருமே, அந்த ரகம். திரையில் வெளிச்சம் விழும்போதெல்லாம் அவள் விரல் அதை ஒரு அழுத்து அழுத்தும். டிக். அடுத்த வெளிச்சம், டிக். சிலர் கால் ஆட்டுவதில்லையா, அது போல. தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

இப்போது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

4

வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். ஐம்பது வயது. ஆறு வாரத்துக்கு முன் ஒரு காலையில் கை மரத்து, பேச்சுக் குழறி, மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மருந்தில் கை சரியாகிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. திரும்ப வேனை எடுக்க வேண்டுமானால் கண் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும் என்றது பள்ளிக்கூடம். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். அந்தக் கிண்ணம் ஒன்றுதான் பாக்கி.

மனைவியும் கூட வந்திருந்தாள். கதவருகிலேயே நின்று டெக்னீஷியனிடம் சொன்னாள்.

"இவருக்கு இடது பக்கம் ஏதோ சரியில்ல சிஸ்டர். வாசல் நிலையில தோளை இடிச்சுக்கிறார். நான் அந்தப் பக்கம் வந்து நின்னா ஆளே இல்லாத மாதிரி இருக்கார்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான் இருக்கேன் சிஸ்டர்," என்றார் ஓட்டுநர். "இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்கா."

டெக்னீஷியன் சிரித்துவிட்டாள். மனைவியும் சிரித்தாள். இந்தச் சிரிப்பை நான் சேர்க்கவில்லை. "சிரிச்சிட்டேன் சார். அந்த நேரத்துல சிரிச்சிட்டேன்," என்று இரண்டு தடவை சொன்னார் டெக்னீஷியன், அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று இருக்கிற சோதனை அது, வெளிச்சம் எல்லாம் ஒரே அளவு, தெரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. டிக். அவர் அழுத்தினார். டிக். அழுத்தினார். வலது கண் முடிந்து இடது கண். திரையின் மூலையில் அவர் கண் ஆணி அடித்த மாதிரி நடுவிலேயே நின்றது. இப்படிச் சொன்னபடி கேட்கிற நோயாளி மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம்.

"பாஸா சிஸ்டர்?"

"ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்கு அண்ணா."

அவர் முடிவு அச்சான தாளை வாங்கி, வெளியே வந்து மனைவிக்கு நேரே நீட்டிக் காட்டினார். இப்போது என்ன சொல்கிறாய் என்பது போல. அவள் வாங்கிப் பார்த்தாள், புரியவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.*

* டாக்டர் அன்று விடுப்பு. பதிலுக்கு வந்தவர் எழுத்துச் சோதனையையும் அந்தத் தாளையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். விரலை ஆட்டிக் காட்டிச் சோதித்திருந்தாலே தெரிந்திருக்கும். வாசலில் இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். இந்தக் கதையில் ஒரு வில்லன் வேண்டும் என்று தோன்றினால் இவரை எடுத்துக்கொள்ளலாம், எனக்கு மனம் வரவில்லை.

5

வில்லன் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் வரைவில் நான் ஓட்டுநரைத்தான் அப்படி ஆக்கியிருந்தேன்.

[மூன்றாவது டிக்கிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து—]

அக்கா அதைப் படித்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் சிவப்பு நிறம் வெளுத்துப் போயிருந்தது, அதற்காகத்தான் நாங்கள் அங்கே போனது. ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடித் திறந்து, "இதுல தக்காளி, இதுல பழைய செங்கல்" என்று சிரித்துக்கொண்டேதான் டாக்டரிடம் சொன்னாள். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருந்தது. இப்போது பரவாயில்லை.

"ஏன்டா, அந்த மனுஷனைத் திருடனாக்கி வச்சிருக்கே?"

"அப்பத்தான்க்கா கதைக்கு ஒரு பிடி கிடைக்கும்."

"நீ அந்த மெஷின்ல உக்காந்திருக்கியா?"

"இல்ல."

"உக்காந்து பாரு. வெளிச்சம் வந்துச்சா, வந்த மாதிரி நெனச்சுக்கிட்டோமா, ஒண்ணும் புரியாது. கொஞ்ச நேரம் எதுவும் வரலன்னு வை, கண்ணே போயிடுச்சோன்னு பயந்துடுவோம். எதையாவது புடிச்சுக்கத்தான் தோணும். நானே நாலஞ்சு தடவை சும்மா அழுத்தினேன்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"உன்கிட்டயே இப்பத்தான்டா சொல்றேன்."

அன்று அந்த நடைவழியில் எனக்குத் தெரியாதது இல்லை. கதவில் என்ன எழுதியிருக்கிறது, நாற்காலிகள் எத்தனை, எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பயந்துபோயிருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் கிழித்துப் போட்டேன்.

ஆகவே இப்போது ஓட்டுநர் திருடர் இல்லை. வெளிச்சம் வரும்போது இயந்திரத்தில் ஒரு சத்தமும் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். என்ஜின் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடிக்கிற ஆள். வலது பக்கம் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வந்தன. இடது பக்கம் சத்தம் வந்ததும், வெளிச்சமும் வந்திருக்கும் என்று அவர் கட்டைவிரல் நம்பிவிட்டது. எந்த அளவுக்குத் தெரிந்து செய்தார் என்று அவரையே கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

6

அது வெள்ளிக்கிழமை. அடுத்த புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, டெக்னீஷியன் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுநருடைய தாளின் நகல் கையில் வந்தது. மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி, அதில் கண் நின்றது.

எல்லாருடைய கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நரம்பு கண்ணை விட்டு வெளியேறுகிற இடம் அது, எவ்வளவு நல்ல கண்ணானாலும் அங்கே விழுகிற வெளிச்சம் தெரியாது. இயந்திரம் நடுநடுவே வேண்டுமென்றே அந்த இடத்தில் ஒரு வெளிச்சம் போடும். நோயாளி அழுத்தினால், நடுவில் பார்க்காமல் கண்ணை அலைய விடுகிறார் என்று அர்த்தம். ஓட்டுநருக்குப் பன்னிரண்டு முறை போட்டிருந்தது. பன்னிரண்டு முறையும் அழுத்தியிருந்தார்.

கண் அலைந்திருக்கும் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். தினமும் பத்துப் பேருக்கு அலைகிறது. இப்போதுதான் ஞாபகம் வந்தது, இவர் கண் அலையவே இல்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது. அலையாத கண்ணால் எந்த மனிதனுக்கும் தெரியாத இடத்தில் இவருக்கு எப்படித் தெரிந்தது?

அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டாள், ஒரு தையல்காரம்மா. தாடையை வைத்து, சோதனை ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சிஸ்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா. நடுவுலயே பாருங்க."

"வெளிச்சம் தெரிஞ்சா அழுத்தணுமா, டிக்குன்னு சத்தம் கேட்டா அழுத்தணுமா?"

"என்ன சத்தம்? இதுல சத்தமே வராதேம்மா."

"வருதே."

டெக்னீஷியன் தன் கையைப் பார்த்தாள்.

[அந்த ஒரு கணத்தில் பதினோரு வருடமும் அவள் கண் முன்னால்—]

பதினோரு வருடம் அப்புறம் வரட்டும். அது அவளை ஒரு மாதம் தூங்க விடவில்லை, பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், பதினேழு பேரைத் திரும்ப வரவழைத்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: மணி இரண்டு ஐம்பது, பள்ளிக்கூடம் விடுவது மூன்று மணிக்கு.

7

கோப்பில் மனைவியின் எண்தான் இருந்தது.

"அண்ணன் எங்கம்மா இருக்கார்?"

"வேனை எடுக்கப் போயிருக்கார் சிஸ்டர். சான்றிதழ் பாஸாகி இன்னிக்குத்தான் முதல் நாள். காலையில வேற டிரைவர் ஓட்டினார், சாயந்தரத்துலேர்ந்து இவர். சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு..."

"அவர் ஓட்டக் கூடாதும்மா. சோதனை தப்பா போச்சு. தப்பு என்னோடது. அவருக்கு இடது பக்கம் தெரியலன்னு நினைக்கிறேன்."



"நான் சொன்னேனே," என்றாள் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அன்னிக்கே சொன்னேனே சிஸ்டர்."

"ஆமாம்மா. அவருக்கு போன் போடுங்க."

"ஓட்டப் போனா போனை அணைச்சுடுவார். நான்தான் பழக்கினேன்."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் பேசறேன்."

"வேணாம் சிஸ்டர், ஸ்கூலுக்கு மட்டும் சொல்லாதீங்க. ஏமாத்திட்டார்னு நினைப்பாங்க. அப்புறம் அங்க வண்டி கழுவற வேலைகூடத் தர மாட்டாங்க. ஒரு பத்து நிமிஷம் குடுங்க. ரெண்டு தெருதான், நானே ஓடிப் போய் நிறுத்திடறேன்."

8

இந்த இடத்தில் நான் இரண்டு வாரம் எழுதாமல் கிடந்தேன்.

பத்து நிமிடம் கொடுத்தால் கதை பிரமாதமாக வரும், எனக்குத் தெரியும். கொடுத்தும் பார்த்தேன்.

[மனைவி தெருமுனைக்கு வந்தபோது வேன் கிளம்பிவிட்டிருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு அவள் இடது பக்கமாகக் குறுக்கே ஓடி வந்—]

இல்லை. இதை நான் எழுத மாட்டேன். உங்கள் மனதில் இதற்குள் முழு வாக்கியமும் ஓடியிருந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு, மன்னியுங்கள்.

[பிள்ளைகள் ஏறுவதற்குள் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். யாருக்கும் எதுவும் தெரியாமல் இருவரும் வீடு திரும்பி—]

இதுவும் நடக்கலாம். நடக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் வேனில் பதினோரு பிள்ளைகள். ஆசையை நம்பி அவர்களை ஏற்றி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை, டெக்னீஷியனுக்கும் இல்லை. மாற்று முடிவுகள் தருவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம்தான். இந்த ஒரு இடத்தில் தர மாட்டேன். அவள் "மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள்.

9

வாசல் காவலாளி வேனை நிறுத்தினார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் எதற்கு என்று கேட்டார், காவலாளிக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அப்போதுதான் மனைவி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (இவ்வளவும் நான் எழுதியது. நிறுத்தினார்கள் என்பது மட்டும் டெக்னீஷியன் சொன்னது.)

இனி வருவது முழுக்க டெக்னீஷியன் சொன்னது. ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். டாக்டர் விடுப்பு முடிந்து வந்திருந்தார். டெக்னீஷியன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை, "முதல்ல இடது பக்கத்தை மட்டும் தனியா போட்டுப் பாரு" என்றார். மனைவி வெளியே உட்கார்ந்துகொண்டாள், டெக்னீஷியன் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கேட்டது அவள் மனதில் இருந்திருக்கும்.

ஓட்டுநர் மட்டும் பழைய மாதிரியே இருந்தார்.

"போன தடவை மாதிரித்தானே சிஸ்டர்?"

"அதே மாதிரிதான் அண்ணா. நடுவுல மட்டும் பாருங்க."

அவர் தாடையை வைத்தார். பொத்தானைக் கையில் வாங்கி, கட்டைவிரலை அதன்மேல் தயாராக வைத்துக்கொண்டார். அவள் விளக்கை அணைத்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். சோதனையை ஆரம்பித்தாள். முதல் வெளிச்சம் விழுந்தது. அவர் அழுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. திரையின் மூலையில் அவர் கண், சொன்னபடி, நடுவிலேயே நின்றது. ஒன்பதாவது. பத்தாவது. மேலே, கீழே, ஓரத்தில், நடுவுக்கு வெகு பக்கத்தில். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழாவது வெளிச்சம் வந்து போனதும் அவர் தலையை அசைக்காமல், பொறுமையாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா சிஸ்டர்?"

டெக்னீஷியன் இதை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது, இந்த இடத்தில்தான் நடைவழியில் அடுத்த நோயாளி வந்து நின்றார். டெக்னீஷியன் எழுந்துவிட்டார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "சொன்னேன் சார்," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அந்தப் பதிலை நானே எழுதிப் பார்த்தேன்.

["ஆரம்பிச்சாச்சு அண்ணா."] உண்மைதான். இரண்டே வார்த்தையில் ஒரு மனிதனின் பிழைப்பை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

["கொஞ்சம் பொறுங்க அண்ணா."] அவரிடம் ஒரு தடவை தப்பாகச் சொன்னது போதும்.

["டாக்டர் வந்து சொல்வார்."] கேட்டது டாக்டரிடம் இல்லையே.

அக்காவிடம் கேட்டேன். "அந்த நாற்காலியில உக்காந்தவகிட்ட இதைக் கேக்காதடா," என்றாள்.

அதனால் உங்களிடம் விடுகிறேன். அறை சின்னது. நான் வெளியே போனால்தான் நீங்கள் உள்ளே வர முடியும், போய்விட்டேன். பதினெட்டாவது வெளிச்சமும் இதோ வந்து போய்விட்டது. அவர் கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேல் காத்திருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.